பேதுருவின் வழியில், தலைகீழாக

புனித நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் வேதாகமத்தின் வரிசையில் போவதில்லை. ஹோட்டலில் அறை கிடைக்கிற வரிசையில் போகிறார்கள். 2023 லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) எங்கள் குழு அம்மானில் இறங்கி, நேபோ மலையைப் பார்த்துவிட்டு, ஷேக் ஹுசேன் பாலம் வழியாக யோர்தானைக் கடந்து நேரே திபேரியாவுக்குப் போய்விட்டது. ஆக, கலிலேயா முதலில், எருசலேம் கடைசியில். ஆண்டவரைப் பிடித்த ராத்திரி, பிரதான ஆசாரியனின் முற்றத்தில், சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் 'அவரை அறியேன்' என்று மறுதலித்த சீஷன் பேதுரு. அவர் கதையை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர் மன்னிக்கப்பட்ட இடத்தை முதலில் பார்த்தோம், மறுதலித்த இடத்துக்கு அப்புறம்தான் போனோம்.

"கல்யாணம் முடிஞ்ச பொறவு பொண்ணு பாக்கப் போற மாதிரில்லா இருக்கு" என்றார் அம்மா.

பஸ்ஸில் பாதிப்பேர் எங்கள் சேகரத்துக்காரர்கள், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் இருக்கிற சபைக்காரர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில், நாசரேத்துக்குப் பக்கத்தில். எங்கள் நாசரேத்தில் பஸ் ஏறி அந்த நாசரேத்தைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்புகிற அன்றே ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. தமிழ்நாடு அரசு தருகிற 37,000 ரூபாய் மானியத்துக்கு எழுதிப் போட்டவர்கள், பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்தில் வந்தவர்கள், பென்ஷன் பணத்தைச் சேர்த்து வந்தவர்கள் என்று கலந்து இருந்தோம். கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டில் ஒரு அண்ணாச்சி தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி எனக்கு எழுத முடியாது.

ஒரு காலத்தில் சேகரத்தில் அவர் கைபடாத வேலை கிடையாது. கொட்டகை போடுவது, பாட்டுக்குழுவுக்குப் பிள்ளைகளைக் கூட்டுவது, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி பருப்பு வாங்குவது எல்லாம் அவர்தான். அசனப் பணம் அவர் கையில் இருந்த ஒரு வருஷம், வீட்டில் ஒரு நெருக்கடிக்கு அதிலிருந்து எடுத்துவிட்டார். திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் எடுத்திருக்கிறார். கணக்கு வாசிக்கிற நாள் அதற்கு முன்னால் வந்துவிட்டது. மனையை விற்றுப் பணத்தைக் கட்டினார். சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னிப்பும் கேட்டார். சபையும் மன்னித்துவிட்டது. அதில் பொய்யில்லை. யாரும் அவரிடம் முகம் திருப்புவதில்லை, கல்யாணக் கார்டு வீடு தேடிப் போகும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுகிற வேலையைக்கூட யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆலயத்தில் வாசலை ஒட்டின பெஞ்சில் உட்காருவார். திருவிருந்துக்குக் கடைசி ஆளாக எழுந்து போவார். எங்கள் ஊர்ச் சபைகளுக்கு மன்னிக்கத் தெரியும். சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் தெரியாது.

கப்பர்நகூமைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேதுருவின் வீடு என்று காட்டுகிற இடத்தின் மேல் 1990-இல் கட்டிய எண்கோண ஆலயம், பறக்கும் தட்டு மாதிரி கால் ஊன்றி நிற்கிறது. உள்ளே கண்ணாடித் தளம் வழியாகக் கீழே பழைய சுவர்களைப் பார்க்கலாம். வெயில், கூட்டம், ஐந்து மொழிகளில் ஐந்து வழிகாட்டிகள். அங்கிருந்து கொஞ்ச தூரம் வந்தால் தாப்கா. அங்கே மரநிழல் இருந்தது.

தாப்காவில் பிரான்சிஸ்கன் சபையார் 1933-இல் கட்டிய சின்ன ஆலயம் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது. அந்தப் பகுதியில் கிடைக்கிற கறுப்பு எரிமலைக் கல்லால் கட்டியது. நம் ஊரில் ஒரு கிளைச் சபைக் கோயில் அளவுதான் இருக்கும். உள்ளே பீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து ஒரு பாறை எழும்பிக் கிடக்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காலைச் சாப்பாடு போட்டது இந்தப் பாறையில்தான் என்பது பழைய நம்பிக்கை. 1964 ஜனவரியில் ஆறாம் பவுல் போப் இங்கே வந்தபோது இந்தப் பாறைக்கு முன்னால் முழங்காலிட்டார். எங்கள் ஆட்கள் பாறையைத் தொட்டார்கள், கைக்குட்டையை வைத்து எடுத்தார்கள். இதெல்லாம் சீர்திருத்த சபைக்காரர்கள் செய்யக் கூடாதே என்று ஒரு முதியவர் முணுமுணுத்தார். அவர் கைக்குட்டையும் பிறகு பாறைமேல் இருந்தது.

வெளியே கரையில் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரத்தை வாசித்தார். அந்த அதிகாரம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது வேறு விஷயங்கள் காதில் விழுந்தன. தாப்காவில் வெந்நீர் ஊற்றுகள் கலிலேயாக் கடல் என்கிற ஏரியில் கலக்கின்றன. அதனால் குளிர்காலத்தில் அந்தக் கதகதப்புக்கு மீன் கூட்டமாக வரும், மீனவர்களும் காலங்காலமாக அங்கேதான் வலை போடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னார். அப்படியென்றால் "மீன்பிடிக்கப்போகிறேன்" என்று பேதுரு கிளம்பியது எங்கேயோ கண்காணாத இடத்துக்கு இல்லை. நன்றாகத் தெரிந்த இடத்துக்கு, தனக்கு எப்போதும் கைகொடுத்த தொழிலுக்கு. தோற்றுப்போன மனுஷன் போகிற இடம் அதுதானே. அங்கேயும் ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படவில்லை.

விடியும்போது கரையில் ஒருவர் நின்று, "பிள்ளைகளே, புசிக்கிறதற்கு ஏதாகிலும் உங்களிடத்தில் உண்டா" என்று கேட்கிறார். வலது புறத்தில் வலை போட்டால் 153 பெரிய மீன். கர்த்தர்தான் என்று தெரிந்ததும் பேதுரு கடலில் குதிக்கிறார். கரைக்கு வந்தால் கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூட அப்பம். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது: "யோனாவின் குமாரனாகிய சீமோனே, நீ என்னை நேசிக்கிறாயா?" மூன்று தரம். மூன்று தரமும் பதிலுக்குப் பிறகு ஒரு வேலை: தம்முடைய ஆடுகளை மேய்ப்பது.

இதில் நான் இதுவரை யோசிக்காத ஒன்றை ஐயர் சொன்னார். ஆண்டவர் பேதுருவைத் தனியாகப் பார்த்தது இதற்கு முன்பே நடந்துவிட்டது. லூக்கா 24-இல் ஒரே ஒரு வரி இருக்கிறது, கர்த்தர் உயிர்த்தெழுந்து சீமோனுக்குத் தரிசனமானார் என்று. எங்கே பார்த்தார், என்ன பேசினார்கள், பேதுரு காலில் விழுந்தாரா, எதையும் எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. "அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. நமக்குத் தெரிய வேண்டியதில்ல" என்றார் ஐயர். ஆனால் வேலையைத் திருப்பிக் கொடுத்தது மட்டும் மற்ற ஆறு பேரும் உட்கார்ந்திருக்கும்போது. அவர்கள் காதுபட.

நான் அண்ணாச்சியைத் தேடினேன். அவர் கரைக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். கரையில் ஆண்டவர் கோலோடு நிற்க, பேதுரு அவர் முன்னால் மண்டியிட்டிருக்கிற வெண்கலச் சிலை ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். அந்தக் குழுப்படத்திலும் அவர் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் 'பேதுரு மீன்' என்று ஒன்று வைத்தார்கள். முழு மீனைத் தலையோடு பொரித்து, எலுமிச்சைத் துண்டு வைத்து, பக்கத்தில் உருளைக்கிழங்கு. பேருக்கு ஏற்ற மாதிரி விலையும் இருந்தது. அம்மா மீனைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்மூரு குளத்து ஜிலேபி கெண்டைல்லா! இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்" என்றார். அவர் சொன்னது சரிதான், இரண்டும் திலேப்பியா சாதி. மிளகாய்ப்பொடி இல்லாத குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. யாரோ பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தார்கள், அது மேசை மேசையாகச் சுற்றியது. அண்ணாச்சி மேசைக்கும் போனது.

மறுநாள் தெற்கே கிளம்பினோம். கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அங்கிருந்து யோர்தான் பள்ளத்தாக்கு வழியாக இன்னும் கீழே எரிகோ வரைக்கும் இறங்கி, பிறகு ஒரே ஏற்றமாக எருசலேமுக்கு ஏற வேண்டும். சாலைவழி ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஏசி பஸ்ஸில் அம்மா தூங்கி விழிப்பதற்குள் பாதி வழி போயிருந்தது. பேதுரு இதே தூரத்தை எதிர்த்திசையில் நடந்தே போயிருக்கிறார். எந்த வழியாகப் போனாலும் பல நாள் நடை. கூட நடந்த மற்ற சீஷர்கள் எல்லாருக்கும் அந்த ராத்திரி முற்றத்தில் நடந்தது தெரியும். அந்த நாட்களில் என்ன பேசிக்கொண்டு நடந்திருப்பார்கள்? அவரவரும் ஓடிப்போனவர்கள்தான், ஆனாலும் "காவலிலும் சாவிலும் உம்மைப் பின்பற்றிவர ஆயத்தமாயிருக்கிறேன்" என்று எல்லாருக்கும் மேலாகக் குரலை உயர்த்தியவர் ஒருவர்தானே. கலிலேயாவுக்குப் போகச் சொன்ன செய்தியிலேயே அவர் பேர் தனியாக இருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல். கல்லறையில் இருந்த வாலிபன் ஸ்திரீகளிடம் சொல்லியனுப்பியதை மாற்கு அப்படியே எழுதியிருக்கிறார்: சீஷருக்கும் பேதுருவுக்கும் போய்ச் சொல்லுங்கள் என்று. சீஷர் என்று மட்டும் சொல்லியிருந்தால், அது தனக்கும் சேர்த்துத்தானா என்ற சந்தேகத்தில் பேதுரு எருசலேமிலேயே தங்கிவிட்டிருப்பாரோ என்னவோ.

எருசலேமில் குளிர். யோவான் எழுதியது போலவே கரிநெருப்பு தேவைப்படுகிற குளிர். சீயோன் மலையின் கிழக்குச் சரிவில், பழைய நகரத்து மதிலுக்கு வெளியே, பேதுருவின் கண்ணீருக்கென்று ஒரு ஆலயம் இருக்கிறது. 1887-இல் அசம்ப்ஷன் சபைக் குருக்கள் அந்த இடத்தை வாங்கினார்கள். இப்போதுள்ள ஆலயம் 1931-இல் பிரதிஷ்டை ஆனது. கூரைமேல் சிலுவை, சிலுவைக்கும் மேலே பொன்னிறத்தில் ஒரு சேவல்.

"நம்ம பக்கம் சேவக் கொடின்னா திருச்செந்தூர்தான். இங்க கோயிலுக்கு மேலயே வச்சிருக்கானே" என்றார் அம்மா. திருச்செந்தூரில் சேவல் வெற்றிக் கொடி. இங்கே அது முதல் அப்போஸ்தலரின் தோல்வியை ஊருக்குச் சொல்கிறது, அதுவும் அவர் பேரிலேயே கட்டின கோயிலின் உச்சியில் நின்று. நம் ஊரில் ஒரு ஆயரின் பேரில் மண்டபம் கட்டினால் வாசலில் அவர் சாதனைகளைத்தான் கல்வெட்டாக வைப்போம்.

முற்றத்தில் சிலைகள். வேலைக்காரி விரலை நீட்டுகிறாள், ஒரு போர்வீரன், கையை விரித்து மறுக்கிற பேதுரு, தூணின்மேல் சேவல். கீழே லத்தீனில் 'அவனை அறியேன்' என்று பொறித்திருக்கிறது. உள்ளே கீழ் ஆலயத்தில் சுவரில் ஓவியங்கள்: பேதுரு மறுதலிப்பது, குகையில் உட்கார்ந்து அழுவது, கலிலேயாக் கரையில் ஆண்டவர் முன்னால் நிற்பது. நாங்கள் விட்டுவந்த ஏரிக்கரை அங்கே சுவரில் இருந்தது. இதுதான் பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இருந்த இடம் என்று எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒத்துக்கொள்வதில்லை. சீயோன் மலையின் மேலே ஆர்மீனியர்களின் இடத்தைக் காட்டுகிறவர்களும் உண்டு. காய்பா என்று பேர் பொறித்த எலும்புப் பெட்டி 1990-இல் எருசலேமுக்குத் தெற்கே கிடைத்தது, வீடு எதுவென்று சொல்லும் கல் எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. ஏதோ ஒரு முற்றத்தில் அது நடந்தது, அந்த முற்றம் கூப்பிடு தூரத்துக்குள்தான் எங்கேயோ இருந்தது.

ஆலயத்துக்கு அடியில் பாறையில் குடைந்த ஒரு ஆழமான குழி இருக்கிறது. ஆதியில் மேலே இருக்கிற துவாரம் வழியாகக் கயிறு கட்டித்தான் இறக்க முடியும். இப்போது படி வைத்திருக்கிறார்கள். சுவரில் பழங்காலத்துப் பக்தர்கள் இட்ட சிலுவைக் குறிகள். ஆண்டவரை அந்த ராத்திரி இங்கே வைத்திருந்தார்கள் என்று நம்புகிறவர்கள் இங்கே நின்று 88-ஆம் சங்கீதத்தை வாசிப்பார்கள். முழங்கால் வலிக்காரரான அண்ணாச்சி அத்தனை படியும் இறங்கி வந்து சுவரோரமாக நின்றார். ஐயர் வாசித்தார். சங்கீதங்களில் நம்பிக்கையின் ஒரு கீற்றுகூட இல்லாமல் முடிகிறது அது: "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்." வழக்கமாக எங்கள் ஆட்கள் எதை வாசித்தாலும் முடிவில் ஒரு அல்லேலூயா சேர்ப்பார்கள். அங்கே யாரும் சேர்க்கவில்லை.

மேலே வந்து மொட்டைமாடி மாதிரி இருக்கிற முகப்பில் நின்றோம். அங்கிருந்து கீதரோன் பள்ளத்தாக்கு, சீலோவாம் பக்கத்து வீடுகள், தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு எல்லாம் தெரியும். இன்னோம் சரிவில் ஒரு மடத்தைக் காட்டி, அதுதான் அக்கெல்தமா, இரத்தநிலம் என்றார் வழிகாட்டி. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் முப்பது வெள்ளிக்காசால் வாங்கிய குயவன் நிலம். பேதுரு அழுத இடத்திலிருந்து பார்த்தால் யூதாசின் நிலம் கண்ணெதிரே இருக்கிறது.

அண்ணாச்சி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், "பேதுரு ஒண்ணையும் திருப்பிக் குடுக்கல. பணத்தத் திருப்பிக் குடுத்தவன் யூதாசுதான்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மத்தேயு 27 அப்படித்தான் சொல்கிறது. யூதாஸ் மனஸ்தாபப்பட்டான், காசைக் கொண்டுவந்தான், பாவஞ்செய்தேன் என்று வாயால் ஒத்துக்கொண்டான். நாம் ஒரு தப்புக்குக் கேட்கிற எல்லாவற்றையும் அவன் செய்துவிட்டான். அவன் போன இடத்தில் பிரதான ஆசாரியர்கள் சொன்ன பதில்: "எங்களுக்கென்ன, அது உன்பாடு." ஆலயத்துக்குப் பொறுப்பானவர்கள் சொன்ன பதில் அது. பேதுருவுக்கும் யூதாசுக்கும் வித்தியாசம் மனந்திரும்புதலின் ஆழத்தில் இருக்கிறது என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சுவரோரம் நின்றபோது, அவரவர் திரும்பிப் போனபோது எதிரே யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று பட்டது. அம்மா அண்ணாச்சி பக்கத்தில் போய், "குளுருது தம்பி, தலையில துண்டக் கட்டிக்கிடுங்க" என்றார். ஐயர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஆலயத்தை ஒட்டிப் பழைய கற்படிகள் சரிவில் இறங்குகின்றன. ரோமர் காலத்து வழி. மேல் நகரத்திலிருந்து கீதரோன் பக்கம் போகிறவர்கள் இதில்தான் இறங்கியிருப்பார்கள். கடைசி இராப்போஜனம் முடிந்து கெத்செமனேக்குப் போனபோது ஆண்டவரும் சீஷரும் இந்தப் படியில் இறங்கியிருக்கலாம் என்கிறார்கள். பிடித்துக் கட்டின கையோடு ஏறி வந்ததும் இதே வழியாக இருக்கலாம். இப்போது படிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம். அங்கே ஐயர் இன்னொரு வசனத்தை வாசித்தார், லூக்கா 22:32. மேல்வீட்டில், சேவலைப் பற்றிச் சொல்வதற்கும் முன்னால் சொன்னது: "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து."

விழப்போகிறவனுக்கு, விழுவதற்கு முன்பே, எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலையைச் சொல்லியாகிவிட்டது. நம் டிராவல்ஸ்காரன் ஏரிக்கரையை முதலில் காட்டியது ஒன்றும் தப்பில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கம் படியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி ஹோட்டலில் சாப்பாடு முடிந்து வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் டிப்ஸ் வசூலிக்க வேண்டியிருந்தது. தலைக்கு நாற்பது டாலர், நாற்பத்திரண்டு பேர். யோர்தானில் அந்த வேலையைச் செய்தவர் எங்கள் சேகரத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் வழக்கம்போல நோட்டையும் கவரையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஐயர் போய் இரண்டையும் அவர் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, மேசைகளுக்கு நடுவில் நடந்து, கடைசி மேசைக்குப் போய், "அண்ணாச்சி, இத நீங்க பாத்துக்கிடுங்க. கணக்க நாளைக்குக் காலையில எல்லாருக்கும் வாசிச்சிருங்க" என்றார். சத்தமாகத்தான் சொன்னார்.

சாப்பாட்டு அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. தலைமையாசிரியர் வாயைத் திறந்தார், அவர் வீட்டம்மா அவர் முழங்கையைப் பிடித்தார். அண்ணாச்சி ஐயர் முகத்தைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், "எனக்கு எதுக்கு ஐயரே" என்றார். ஐயர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய நாற்பது டாலரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு டீ எடுக்கப் போய்விட்டார்.

அடுத்து அம்மா எழுந்தார். எனக்கும் சேர்த்து எண்பது. "எண்ணிப் பாத்துக்கிடுங்க தம்பி, பொறவு கொறையுதுன்னு சொல்லக் கூடாது" என்றார். அம்மாவுக்கு அந்த நேரத்தில் அப்படிச் சொல்லலாமா கூடாதா என்ற யோசனையே இல்லை. யாருக்கு டாலர் கொடுத்தாலும் அதைத்தான் சொல்வார். அண்ணாச்சி எண்ணினார். பேரை எழுதினார். எழுத்து முதலில் கோணிக்கொண்டு போனது, பிறகு சரியானது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. பாட்டுக்குழு அக்காமார், அரசு மானியக்காரர்கள், கடைசியில் தலைமையாசிரியர். அவர் ஐம்பது டாலர் நோட்டாக நீட்டினார்.

"சில்லறை இருக்கா சார்? பத்து டாலரு பாக்கி தரணும், பேருக்கு நேரா எழுதி வச்சிக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. பிறகு கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, பழைய அசனக் கொட்டகைக் குரலில் அறை முழுக்கக் கேட்கும்படி, "இன்னும் மூணு பேரு தரல. யாருன்னு நானே பேரு வாசிக்கவா, இல்ல நீங்களே வாறியளா?" என்றார்.